டி.சி. சந்தில் ஒரு பிறைக்கத்தி

எங்கள் சந்தில் கரண்ட் வேறு ரகம். கல்கத்தாவில், பவானிபூரில் டிராம் ஓடுகிற பெரிய சாலை வரைக்கும் ஏ.சி. கரண்ட் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. அதிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே வந்தால் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன டி.சி.தான். கடைக்காரன் "எந்த லைன்?" என்று கேட்காமல் ஒரு மேசை விசிறிகூட விற்கமாட்டான். தெரியாமல் ஏ.சி. சாமானை வாங்கி வந்து சொருகினவர்கள் வீட்டிலிருந்து கருகல் வாடை வரும், சந்து முழுக்கச் சிரிக்கும். நானும் ஒரு தடவை அப்படிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனிக் காலையில், எனக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. காப்பி டம்ளரை எடுக்கப் போனேன், கை போகவில்லை. அவ்வளவுதான். கால் இரண்டு மாதத்தில் இழுத்துக்கொண்டாவது திரும்பி வந்தது. கை வரவில்லை. யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனதுபோல அது பாட்டுக்குக் கிடக்கும். எனக்கு அதன் மேல் கோபம் கோபமாக வரும்.

அந்த மாதங்களை நினைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே மத்தியானமாகத் தெரிகிறது. ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருப்பேன். மரப்பலகை ஜன்னலின் கோடு கோடான வெளிச்சம் சுவரில் மெல்ல ஏறும், எங்கேயோ டிராம் மணி அடிக்கும், கண்ணைச் சொக்கும். தூக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அரிவாள்மனை முன்னால் காலை மடக்கி உட்கார்ந்து, அவரைக்காயை ரெண்டு கையாலும் பிடித்து அலகில் தள்ளத் தள்ள, பச்சைத் துண்டுகளாக முறத்தில் குவியும். குவிந்துகொண்டே இருக்கும், முடியவே முடியாது. விழித்தால் சுவரில் அந்த வெளிச்சம் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நானும் அவரும்தான். அவர் கிடர்பூரில் கப்பல் பழுதுபார்க்கிற ஒரு பட்டறையில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். மோட்டாரைப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவார், உலை வைத்தால் மட்டும் சோறு ஒன்று கஞ்சியாகும், இல்லையென்றால் அரிசியாகவே இருக்கும். கீழ்வீட்டு வங்காளிப் பெண்மணியைப் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். அவள் மீன் தொடாத தனிச் சட்டியில் பருப்புக் காய்ச்சி மேலே அனுப்புவாள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் சர்க்கரை போட்டிருப்பாள். பருப்பில் சர்க்கரை! எத்தனை நாள் தாங்கும் ஒரு திருநெல்வேலிக்காரி?

ஆடி மாதம் அண்ணனிடமிருந்து லெட்டர் வந்தது. கார்த்திகையில் கல்கத்தா வருகிறேன், உன்னைத் திருநெல்வேலிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், இனி அங்கே யார் உன்னைப் பார்ப்பது, மாப்பிள்ளை மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்வார் என்று எழுதியிருந்தான். படித்துவிட்டு லெட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. மதினி தங்கமானவள், அதுதான் இன்னும் மோசம். வாயில் ஊட்டிவிட்டு, தலைவாரிவிட்டு, வருகிறவர்களிடம் "பாவம்" என்பாள். நான் அந்த வீட்டு மூலையில் உட்கார்ந்து கிழவியாகிப் போவேன். இவர் இங்கே ஒற்றையாய்.

"நான் போகமாட்டேன்" என்றேன் அவரிடம்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பனியனை மாற்றிக்கொண்டிருந்தார். "சமையல்தானளா பிரச்சினை?"

"அரிவாள்மனைக்கு ரெண்டு கை வேணும். நமக்குத்தான் ஒண்ணு லீவு போட்டுட்டுதே."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியே போனவர், ஒரு காகிதத்தில் படம் வரைந்து கொண்டுவந்தார். சீனர்களின் செருப்புக் கடையில் தோல் வெட்டுகிற கத்தியைப் பார்த்தாராம். பாதி நிலா மாதிரி வளைந்த அலகு, முதுகின் நடுவில் பிடி. தள்ளவும் வேண்டாம் இழுக்கவும் வேண்டாம், மேலே கையை வைத்து ஊஞ்சல்போல இப்படியும் அப்படியும் சாய்த்தால் போதும், காய் அறுந்துவிடும். ஒரு கையால் ஆகிற காரியம். இடது கைக்குத் தகுந்த மாதிரி அலகைத் தீட்டி, பிடியையும் செதுக்கித் தந்துவிட்டால் கார்த்திகையில் அண்ணன் வரும்போது நானே சமைத்துப் போடலாம். அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தனியாக ரயிலேறுவான். எங்கள் திட்டம் அவ்வளவுதான்.

இரும்புக்குப் பஞ்சமில்லை. மரவாடியில் ஒடிந்துபோன பட்டை ரம்பத்தில் ஒரு முழம் வாங்கி வந்தார். நல்ல எஃகு, ஏற்கெனவே பதம் ஏற்றியது. உளியால் கீறி ஒடித்ததில் இரண்டு பிறைகள் தேறின. உலையில் வைக்க வேண்டாம், அடிக்க வேண்டாம், தேய்த்துத் தேய்த்தே கத்தியாக்கிவிடலாம். ஆனால் தேய்க்கும்போது சூடு ஏறினால் அந்தப் பதம் போய்விடும், பிறகு அது வெறும் தகரம். அதனால் தேய்க்கிற மெஷின் ஓடவும் வேண்டும், நாம் சொன்னால் மெல்ல நகரவும் வேண்டும். அப்படிப்பட்ட மெஷின் கடையில் விற்றால் எங்களுக்கு எட்டுகிற சாமானாக இருக்காது. தானே பண்ணுவது என்று இறங்கினார்.

அந்த வாரம்தான் சந்து முனையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கார்த்திகையில் இந்தச் சந்துக்கும் ஏ.சி. வந்துவிடும், டி.சி. லைனை எடுத்துவிடுவார்கள். பௌதி மாடியேறி வந்து, என்னை அக்கா முறை வைத்து, "திதி, இனிமேல் நாமும் மனுஷர்கள்!" என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் இவர் கிடர்பூர் பழைய சாமான் கடையிலிருந்து ரிக்‌ஷாவில் ஒரு மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். உடைத்த கப்பலொன்றின் காற்றாடி மோட்டார். டி.சி.

எனக்கு வந்ததே கோபம்! "ஊரெல்லாம் ஏ.சி.க்கு மாறப் போகுதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கான், நீங்க செத்துப்போற கரண்டுக்கு மோட்டார் வாங்கிட்டு வாரீயளே, புத்தி இருக்கா உங்களுக்கு?"

"ஏ.சி. மோட்டார் ஒரே வேகத்துலதான் ஓடும்ளா. அதை மெதுவாக்கணும்னா சின்னதும் பெரிசுமா சக்கரம் மாத்தி மாத்திப் போடணும். இது அப்படியில்ல. ரெகுலேட்டரைத் திருப்புனா போதும், நத்தை மாதிரியும் போகும், நாய் மாதிரியும் ஓடும்."

"கார்த்திகைக்கு அப்புறம்?"

"நமக்கு ஒரே ஒரு கத்தி போதும்லா."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் இரண்டு நாள் பேசவில்லை, வழக்கம்போல.

பின்கட்டு வராந்தாவில் மெஷின் எழுந்தது. ஒரு தேக்குப் பலகை, கீழே மோட்டார், மேலே ஸ்பிரிங்கில் ஆடுகிற ஒரு சக்கரம், நடுவில் ஒரு இரும்புத் தகடு. உப்புத்தாளைத் துணியில் ஒட்டினதுபோல ஒரு சுருள் கிடைக்கும், அதைச் சரிவாக வெட்டி வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி வளையப் பட்டையாக்கி மாட்டினார். ஓட விட்டால் வளையம் நழுவி நழுவி வெளியே பாய்ந்தது. ஒரு முறை பறந்து போய்ப் பௌதியின் உலர்ந்த புடவை மேல் விழுந்தது. சக்கரத்தின் நடுப்பாகம் லேசாகப் புடைத்திருந்தால்தான் பட்டை நடுவிலேயே நிற்குமாம். சக்கரத்துக்கு நடுவில் துணி நாடாவை நாலு சுற்றுச் சுற்றினார். நின்றது.

"தொப்பை இருந்தாத்தான் நிதானம் வருங்கேன்" என்று வயிற்றைத் தட்டிக்காட்டினார். அன்றைக்குப் பேசினேன்.

மோட்டாரோடு வந்த ரெகுலேட்டர் பெட்டியில் கம்பிச் சுருள் ஒன்று அறுந்திருந்தது. அதைச் சரிபண்ணுகிற வரைக்கும் பொறுமை இல்லை அவருக்கு. ரெகுலேட்டர் இல்லாமலே நேராகச் சொருகிப் பிறையைப் பட்டையில் வைத்துவிட்டார். மோட்டார் ஊளையிட்டது, பொறி பறந்தது, கீழ்வீட்டு ரேடியோவில் நாடகம் கரகரத்துப் போய்ப் பௌதி கத்தினாள். ஒரே நிமிஷம். சூடேறி, பிறையின் ஓரம் முழுக்க மயில்கழுத்து நீலம். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்தக் கத்தி போயே போச்சு. இருந்த இரண்டில் ஒன்று காலி.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்ப நிறம் மாறுச்சுன்னே தெரியலளா. கண்ணாடி போட்டும் தெரியல."

எனக்குத் தெரிந்தது. கட்டிலிலிருந்து எழுந்து வந்து வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளையாக இருந்த ஓரத்தில் முதலில் ஒரு மஞ்சள் ஓடியது, வெல்லப்பாகு இளகுகிறபோது ஓரத்தில் தெரியுமே, அந்த மஞ்சள். பிறகு அது சிவந்தது, பிறகுதான் நீலம். பாகு என்றால் மஞ்சளிலேயே இறக்கிவிட்டிருப்பேன். இத்தனை வருஷம் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினவளுக்குப் பதம் பார்க்கச் சொல்லித் தர வேண்டுமா? அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், பிறகு அந்த ரெகுலேட்டர் பெட்டியைப் பார்த்தார்.

சுருளைப் புதிதாகச் சுற்றி மாட்டியபோது பெட்டியை மோட்டார் பக்கத்தில் வைக்கவில்லை. நீள ஒயர் இழுத்து ஒரு நாற்காலிக்கு இடது பக்கத்தில் பொருத்தினார். நாற்காலி எனக்கு. கைப்பிடியைத் திருப்பினால் ஏழு பித்தளைப் பொட்டுகள் மேல் அது ஊர்ந்து போகும், ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு வேகம். அவர் பிறையைப் பட்டையில் வைப்பார். நான் இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த ஓரத்தையே பார்ப்பேன்.

ஆவணி, புரட்டாசி ஞாயிறுகள் அப்படிப் போயின. மழை பெய்துகொண்டே இருக்கும். மூன்றாம் பொட்டில் மோட்டார் ஒரு மாதிரி முனகும், பட்டையின் ஒட்டு சுற்றுக்கு ஒரு முறை டக், டக் என்று தட்டும், அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு விழித்துக்கொண்டே தூங்குகிற மாதிரி இருக்கும். மஞ்சள் ஓடப் போகிறது என்று கண்ணுக்குத் தெரியுமுன்பே கை கைப்பிடியை இழுத்துவிடும். வேகம் குறையும், அவர் பிறையை வாளித் தண்ணீரில் அமிழ்த்துவார், புஸ் என்று ஒரு சின்ன சத்தம். மறுபடி வைப்பார். நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அத்தனை நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான். நோய் வந்தது நல்லதுக்குத்தானோ என்றுகூட ஒரு மத்தியானம் தோன்றியது. உடனே என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் கரண்ட் ஒழுங்காக இருந்தால்தானே! பொழுதுக்கும் லோட்ஷெடிங். கரண்ட் வருகிற இரண்டு மணி நேரத்தில், ரேடியோ கரகரக்காமலிருக்கப் பௌதியின் நாடகத்துக்கு ஒரு மணி போய்விடும். துர்கா பூஜை வந்தது, பந்தலுக்கு விளக்கு போட்டார்கள், எங்கள் சந்தில் லைன் மங்கி மோட்டார் நகரவே இல்லை.

மெருகு போட மெல்லிய உப்புத்தாள் தீர்ந்துபோயிற்று ஒரு நாள். அவர் வேலைக்குப் போயிருந்தார். நானே போய் வாங்கி வருகிறேன் என்று மாடிப்படியில் இறங்கினேன். நோய்க்குப் பிறகு தனியாக வெளியே காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். சுவரைப் பிடித்துப் பிடித்துச் சந்து முனை இரும்புக்கடைக்குப் போய், தைரியமாக "நூன் காகோஜ்" என்றேன். உப்பும் காகிதமும். தமிழில் அப்படித்தானே! கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உப்பு பக்கத்துக் கடை, காகிதம் எதிர்க் கடை, மா" என்றான் ரொம்ப மரியாதையாக. நான் விடவில்லை. தேய்க்கிற உப்புக் காகிதம் என்று இடது கையால் காற்றில் தேய்த்துக் காட்டினேன். பாத்திரம் தேய்க்கிற சாம்பல் எடுத்துத் தந்தான். நல்லவேளை, பௌதி அந்தப் பக்கம் வந்தாள். "ஐயோ திதி, ஷிரீஷ் காகோஜ் என்று சொல்லு!" என்று அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று முதல் அவள் நாடகம் கேட்பதை விட்டுவிட்டாள். உன் கத்தி முடியட்டும், அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை அலகில் கடைசி அரை அங்குலம் பாக்கி. கூர் ஏறவில்லை. வாரத்துக்குள் ஒரு சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று துடைத்து வைத்தோம். செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்து லைனைக் கழற்றிவிட்டார்கள். நோட்டீஸில் போட்ட தேதிக்கு முன்னாலேயே! இந்த ஊரில் எதுதான் சொன்ன நேரத்துக்கு நடந்தது, இது மட்டும் முந்திக்கொள்ள? சந்தில் எல்லோரும் ஏ.சி.யில் பல்பு எரியவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியை ஏழாம் பொட்டு வரைக்கும் திருப்பிப் பார்த்தேன். சத்தமே இல்லை. அழுதுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஹவுராவில் இறங்குகிறான்.

மறுநாள் அவர் லீவு போட்டார். மேல் சக்கரத்தில் ஓட்டை போட்டு, தையல் மெஷின் கைப்பிடி ஒன்றை முறுக்கி மாட்டினார். "நான் சுத்துதேன்" என்றார்.

"அப்ப கத்தியை யார் பிடிக்கது?"

"உனக்கு என்ன கையில்லையா?"

வெடுக்கென்று வந்தது. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் எழுந்து போனேன். பிறையை ஒரு கட்டையில் திருகி வைத்துக் கொடுத்தார், இடது கையால் பிடித்தேன். வலது கையைத் தூக்கி அதன் மேல் வைத்தேன், சும்மா கனத்துக்கு. அவர் சுற்றினார். பட்டை நகர்ந்தது, எந்த மோட்டாராலும் முடியாத அளவுக்கு மெதுவாக. "கொஞ்சம்" என்பேன், வேகம் கூடும். "மெள்ள" என்பேன், குறையும். காலை வெயில் வராந்தாவில் இறங்கி வந்து எங்கள் காலடியில் படுத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் அந்த அரை அங்குலம் தீர்ந்தது. அவர் ஒரு செய்தித்தாளை எடுத்துப் பிறையின் அடியில் வைத்து, "சாய்ச்சுப் பாரு" என்றார். சாய்த்தேன். தாள் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

மூன்று நாள் பழகினேன். முதல் நாளே பெருவிரலைப் பதம் பார்த்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அண்ணன் வந்தான். எங்கள் ஊர் விருந்துக் குழம்பான சொதி வைத்தேன். முருங்கைக்காய் அந்த ஊரில் பங்குனியில்தான் கிடைக்கும், அது இல்லாமலே வைத்தேன். தேங்காய் திருகினது மட்டும் அவர், மற்ற எல்லாம் நான். பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, எல்லாம் ஒரே அளவு. இஞ்சிப் பச்சடிக்கு இஞ்சியைப் பொடிப்பொடியாக நறுக்கினேன், அதுதான் கஷ்டம். அண்ணன் அடுக்களை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். கத்தி இப்படியும் அப்படியும் ஆடுவதைப் பார்த்தான். போய் இலை முன்னால் உட்கார்ந்தான். மூன்று தடவை சோறு வாங்கினான்.

கை கழுவிவிட்டு வந்து சட்டைப்பையிலிருந்து இரண்டு ரயில் டிக்கெட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தான்.

"ஏட்டி, இதுல ஒண்ணக் கேன்சல் பண்ணிரலாம்" என்றான். கண் கலங்கியிருந்தது. "நல்லாயிருக்க. மாப்ள எழுதுனதப் படிச்சிட்டு நான் என்னமோன்னு பயந்துல்லா போனேன்."

"யார் எழுதுனா?"

"மாப்ளதான். ஆனி மாசம். என்னால பாக்க முடியல, வந்து கூட்டிட்டுப் போயிருங்கன்னு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது தான் என்ன சொல்லிவிட்டோம் என்று. "தூக்கம் வருது" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டான்.

நான் மேஜையில் இருந்த டிக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடியில் லெட்டர் வந்தபோது அவர் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஏ.சி.க்குக் காத்திருக்காமல் ஏன் செத்துப்போகிற கரண்டுக்கு மோட்டார் வாங்கினார், எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. தான் எழுதின லெட்டரைத் திரும்ப வாங்கத்தான் மனுஷன் ஓடியிருக்கிறார். அது விளங்கியும் எனக்கு ஆறவில்லை.

"பயந்துட்டேன்" என்றார், திரும்பாமலே.

"நானுந்தான் பயந்தேன்" என்றேன். "நான் யாருக்கு லெட்டர் போட்டேன்?"